புளியங்கொட்டையில் ஆவர்த்தனம்: கலத் தன்னியங்கிகளுக்கு ஒரு செய்முறை

கட்டங்கள் நிறைந்த ஒரு பலகையில், ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சூழ்ந்த கட்டங்களைப் பார்த்து, அடுத்த தலைமுறையில் உயிரோடு இருப்பதா வெறுமையாவதா என்று தீர்மானித்தால், அந்த அமைப்பே கலத் தன்னியங்கி எனப்படும். அவற்றுள் பெயர்பெற்றது கணிதவியலாளர் ஜோன் கொன்வே வகுத்து, 1970இல் பரவலாக அறிமுகமான 'கேம் ஒவ் லைஃப்'. இதற்குக் கணினி வேண்டியதில்லை. கிளிநொச்சியில் மின்சாரம் நின்றுபோன ஒரு மாரிக்கால மாலையில், சீமெந்துத் தரையிலேயே மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டியிருக்கிறேன்.

படி 1. வெண்கட்டியால் 7×7 கட்டங்கள் வரையுங்கள். உயிருள்ள கட்டத்துக்குப் புளியங்கொட்டை, பிறக்கப்போகும் கட்டத்துக்குப் பாலைப்பழக் கொட்டை, இறக்கப்போவதன் அருகே வைக்க நெருப்புக்குச்சி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2. ஒரு கட்டத்துக்கு மூலைகளையும் சேர்த்து 8 அயல்கள் உண்டு. உயிருள்ள கட்டம் 2 அல்லது 3 உயிருள்ள அயல்கள் இருந்தால் மட்டுமே பிழைக்கும். வெறுங்கட்டத்தில் சரியாக 3 அயல்கள் இருந்தால் உயிர் பிறக்கும்.

படி 3. நடுவில் மூன்று கொட்டைகளைக் கிடையாக வையுங்கள். இரு முனைகளுக்கும் ஓர் அயலே இருப்பதால் குச்சி வையுங்கள். நடுக்கொட்டைக்கு இரண்டு இருப்பதால் அது தங்கும். அதன் மேலும் கீழும் உள்ள கட்டங்களுக்கு மூன்று இருப்பதால் பாலைக்கொட்டை வையுங்கள். முழுப் பலகையையும் குறித்து முடித்த பிறகே கொட்டைகளை மாற்ற வேண்டும். என் மாணவர் பலர் இடது முனையை உடனே எடுத்துவிட்டார்கள். அப்போது மேலும் கீழும் இரண்டு அயல்களே மிஞ்சுவதால் எதுவும் பிறப்பதில்லை, நடுக்கொட்டையும் மடிகிறது, பலகையே வெறுமையாகிவிடுகிறது. ஒரே கணத்தில் எல்லாம் மாறுவதுதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. முறையாகச் செய்தால் கோடு நிமிரும், அடுத்த முறை மீண்டும் படுக்கும். ஓர் அமைப்பு எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை திரும்புகிறதோ அதுவே அதன் ஆவர்த்தனம்; இங்கே அது 2.

படி 4. நான்கு கொட்டைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். இரண்டாம் தலைமுறையிலேயே ஆறு கொட்டைகள் கொண்ட தேன்கூட்டு வடிவம் வந்து அசையாமல் நிற்கும். இதன் ஆவர்த்தனம் 1.

விளிம்புக்கு வெளியே எல்லாம் வெறுமை என்று கொண்டால், 49 கட்டங்களில் வரக்கூடிய அமைப்புகள் 2இன் 49ஆம் அடுக்கு மட்டுமே. எண் பெரிதுதான், ஆனால் முடிவுள்ளது. ஆகவே எதை வைத்துத் தொடங்கினாலும் என்றோ ஒருநாள் பழைய அமைப்பு ஒன்று திரும்ப வரும், விதி மாறாததால் அதன் பின் அதே சுற்று ஓயாது தொடரும். தொடக்க அமைப்பே திரும்பும் என்பதில்லை. சதுரக் கொப்பியில் 20×20 கட்டங்கள் எடுத்துப் பத்துப் புள்ளிகளை வரிசையாக வைத்தால், அந்தக் கோடு மறுபடி வராது. அதிலிருந்து உருவாகும் வடிவமே 15 தலைமுறைக்கு ஒருமுறை திரும்பும்.

படி 5. முதல் வரியில் நடுவே ஒன்று, அடுத்த வரியில் வலப்புறம் ஒன்று, மூன்றாம் வரியில் மூன்று என ஐந்து கொட்டைகளை இடது மேல் மூலையில் வையுங்கள். நான்காம் தலைமுறையில் அதே வடிவம் வரும். ஆனால் ஒரு கட்டம் வலமும் ஒரு கட்டம் கீழும் நகர்ந்திருக்கும். வடிவத்தோடு இடத்தையும் குறித்துக்கொள்ளாதவர் இதை அதே இடத்தில் திரும்பும் முன்னைய வகையோடு சேர்த்துவிடுவார்.