துப்பாக்கிக்கு ஆக்டோபஸ் தோல் போர்த்துவது எப்படி

கவுன்டர்-ஸ்ட்ரைக் வீடியோ கேமில் ஸ்னைப்பர் துப்பாக்கிக்கென்று நான் வரைந்த முதல் ஸ்கினில் (துப்பாக்கியின் மேல் போர்த்தும் படம்) ஆக்டோபஸின் தலையை வலப்பக்கம் வைத்திருந்தேன். கண்ணுக்கு மட்டுமே மூன்று வாரம் பிடித்தது. கேமில் ஏற்றிப் பார்த்தால் தலையே தெரியவில்லை. துப்பாக்கி வலக்கையில் இருக்கும்போது ஆடுபவருக்குத் தெரிவது அதன் இடப்பக்கமும் பின்புறமும்தான். இன்ஸ்பெக்ட் செய்தால்தான் மறுபக்கம் திரும்பும். அன்றிலிருந்து பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே வெறும் துப்பாக்கியோடு ஒரு சுற்று ஆடி, நிற்கும்போதும் ஓடும்போதும் ரீலோடின்போதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுகிறேன். எந்த இடம் அதிக நேரம் கண்ணில் படுகிறதோ, முகம் அங்கேதான்.

அடுத்து, உயிரினம். 'கடல்' என்று பொதுவாகத் தொடங்காதீர்கள்; அலை, குமிழி, நங்கூரம் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு இனத்தை எடுங்கள். நீண்ட பேரலுக்கு விலாங்கு பொருந்தும், குட்டைத் துப்பாக்கிக்குப் பேத்தை மீன். நான் இப்போது வரைவது நீல வளைய ஆக்டோபஸ்.

கையளவுகூட இல்லாத அந்த உயிரினத்தின் கடியில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. சும்மா இருக்கும்போது மங்கிய மஞ்சள் பழுப்பில் பாறையோடு பாறையாகக் கிடக்கும். சீண்டினால் வளையங்கள் பளிச்சிடும். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது: வளையம் வெறும் நீலக்கோடு இல்லை. அதன் உள்ளேயும் வெளியேயும் அடர்பழுப்புத் திட்டு இருக்கிறது. நான் நீலத்தை ஏற்றிக்கொண்டே போனேன், எடுபடவே இல்லை. சுற்றிலும் அந்தப் பழுப்பை வைத்ததும் அதே நீலம் எரிய ஆரம்பித்தது. அந்த நீலம் சாயமே அல்ல, ஒளியைத் திருப்பி அனுப்பும் செல்களின் வேலை. அதனால் எந்த இடம் வழவழப்பு, எது சொரசொரப்பு என்று கேமுக்குச் சொல்லும் ரஃப்னஸ் மேப்பில் வளையத்தை மட்டும் வழவழப்பாக்கி, மற்றத் தோலைச் சொரசொரப்பாக விடுகிறேன். உடம்பு முழுக்கப் பளபளத்தால் பிளாஸ்டிக் பொம்மைதான்.

ஒரு வளையத்தை வரைந்து காப்பி செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கோணலாக இருக்கட்டும். ஸ்டாக்கில் (தோளில் முட்டுக்கொடுக்கும் பின்பகுதி) பெரிது, பேரல் முனைக்குப் போகப்போகச் சிறிது. போட்டோவைப் பார்த்து வரையலாம், வெட்டி ஒட்டக்கூடாது. அது இன்னொருவர் உழைப்பு. ஸ்கின்களை அனுப்பிவைக்கும் தளமான வொர்க்‌ஷாப்பும் சொந்தப் படைப்பைத்தான் கேட்கிறது.

கைகள் எட்டு. உறிஞ்சிகள் இரண்டு வரிசை. உறிஞ்சியில் பல் வைத்தால் அது கணவாய் ஆகிவிடும். பேரலைச் சுற்றி வளையும் கையைத் துப்பாக்கியின் மேற்பரப்பை விரித்துவைத்த தட்டையான யுவி ஷீட்டில் வரைந்தால் தையல் விழும் இடத்தில் துண்டாகிவிடும், ஆகவே பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாடலின் மேலேயே வரையுங்கள். கண்ணின் பாவை கிடைமட்டக் கீற்று; அதைப் பேரலுக்கு இணையாக வைத்தால் துப்பாக்கியே உற்றுப் பார்ப்பதுபோல் இருக்கிறது. எனக்கு இந்த ஸ்கினில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

தேய்மானத்தையும் மறக்க வேண்டாம். ஸ்கின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கேமில் ஓர் எண் காட்டும்; 0-இலிருந்து 1 வரை போகும் அந்த எண் 0.45-ஐத் தாண்டினால் 'பேட்டில்-ஸ்கார்ட்', அதாவது மிக மோசமாகத் தேய்ந்த நிலை. பெயிண்ட் முதலில் உரிவது விளிம்புகளில். கண்ணை விளிம்பில் வைத்தால் குருடாகிவிடும், சமதளமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். 0.05, 0.25, 0.7 என மூன்றிலும் வைத்துப் பார்க்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

கடைசியாக, கேமில் நிழல் நிறைந்த ஒரு மேப்பில் (ஆடுகளத்தில்) ஓடிப் பார்ப்பேன். ஓடும்போது கைகள் நூடுல்ஸாகத் தெரிந்தால் அழித்துவிட வேண்டியதுதான். 31 வளையங்களோடு ஆரம்பித்த ஃபைலில் இப்போது 14 இருக்கின்றன. ஸ்கோப்பின் பின்விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை மட்டும் இன்னும் நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.