ஈயமா, காரீயமா? உதவி தேடுபவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

ரசம் வைக்கும் ஈயச் சொம்பிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரில் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. 'ஈயம் நஞ்சு' என்று எங்கோ படித்ததும் பாட்டி காலத்துச் சொம்பைப் பரணில் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. 'அந்தக் காலத்தில் ஈயத்தில்தானே ரசம் வைத்தார்கள், என்ன ஆயிற்று?' என்று ஆபத்தையே நம்பாதவர்களும் உண்டு. இரு தரப்பும் இடறியது ஒரே சொல்லில். ரசச் சொம்புக்கு உரியது வெள்ளீயம், அதாவது டின். மூளையையும் நரம்பையும் கெடுப்பது காரீயம், அதாவது லெட். செய்தித்தாளும் பாடப் புத்தகமும் காரீயத்தைப் பல இடங்களில் வெறும் 'ஈயம்' என்றே எழுதிவிடுகின்றன. அதனால் 'ஈயம்' என்று தேடினால் பாத்திரக் குறிப்பும் நஞ்சுச் செய்தியும் கலந்து வரும். 'காரீயம்' அல்லது 'லெட் பாய்சனிங்' என்று தேடுங்கள்.

சரி, உங்கள் வீட்டுச் சொம்பு சுத்த வெள்ளீயம்தானா? கண்ணால் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் காரீயம் கலந்திருந்தால் தட்டிப் பார்த்தாலும் தேய்த்துப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் புளி அதைக் கரைத்துக் குழம்பில் இறக்கிவிடும். சந்தேகம் இருந்தால் உலோகச் சோதனை செய்யும் ஆய்வகத்தில் கொடுங்கள், அதுவரை ரசம் எவர்சில்வரில் கொதிக்கட்டும். (பென்சில் குத்திய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பென்சில் 'லெட்' என்று சொன்னாலும் அதில் இருப்பது காரீயம் இல்லை, கிராஃபைட் என்ற கரி வகை.)

அடுத்தது, அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பது. வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை, எரிச்சல் எல்லாம் நூறு காரணத்தால் வரும். பல குழந்தைகளுக்கு எதுவுமே தெரியாமல் கவனமும் படிப்பும் மட்டும் பின்தங்கும். காரீயம் உள்ள பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா, அதே சட்டையோடு வந்து பிள்ளையைத் தூக்குகிறார் என்று வையுங்கள். டாக்டரிடம் 'சரியாகச் சாப்பிட மாட்டேங்கிறான்' என்று மட்டும் சொன்னால் டானிக்தான் வரும். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: யாருக்கு என்ன வேலை, வீட்டில் பழைய பெயிண்டைச் சுரண்டினீர்களா, பிள்ளை மண் தின்கிறதா, கண்ணுக்கு சுர்மா போடுகிறீர்களா, பற்பம் செந்தூரம் ஏதாவது கொடுக்கிறீர்களா.

அப்புறம் சோதனை. முடியைக் கொடுத்துப் பார்ப்பது வேண்டாம், ரத்தத்தில் உள்ள காரீய அளவுதான் வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியும் சேர்ந்து அளவு கூடலாம். அதனால் அதிகம் என்று வந்தால் கையின் ரத்தக்குழாயில் ஊசியால் ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் பார்க்காமல் அலகையும் பாருங்கள்: லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பதும் டெசிலிட்டருக்கு 5 என்பதும் ஒன்றுதான். 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2021-ல் குழந்தைகளுக்கான எல்லையை 3.5-க்கு இறக்கியது. பழைய எல்லையான 10-ஐ வைத்துக்கொண்டு யாராவது 'நார்மல்' என்றால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது உடம்பிலிருந்து நஞ்சை எடுத்துவிடுவதாகச் சொல்லும் 'டீடாக்ஸ்' விளம்பரங்கள். காரீயத்தை வெளியேற்றும் கீலேஷன் மருந்து பொதுவாக ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமுக்கு மேல் போனால்தான் பேச்சுக்கே வரும், அதுவும் மருத்துவமனையில். 2005-ல் அமெரிக்காவில் கால்சியம் ஈடிடிஏ என்ற கீலேஷன் மருந்து தர வேண்டிய இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெயர்க் குழப்பத்தில் சோடியம் ஈடிடிஏ ஏற்றினார்கள். ரத்தத்தில் கால்சியம் சரிந்து குழந்தை இறந்துவிட்டது. மருத்துவமனையிலேயே இப்படி என்றால், கூரியரில் வரும் மாத்திரையை என்ன சொல்வது?

மருந்தைத் தேடும் அவசரத்தில் காரீயம் எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் காரீயம் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் உள்ள காரீயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த ஜன்னலை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வங்கதேசத்தில் மஞ்சளைப் பளிச்சென்று காட்ட லெட் குரோமேட் என்ற காரீய நிறமியைச் சேர்த்தது 2019-ல் ஆய்வில் அம்பலமானது. உதிரி மஞ்சள்தூள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

யாரைக் கேட்பது? தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தால் எங்கே போகலாம் என்று விசாரிக்கலாம். தில்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தை உங்கள் டாக்டரே அழைத்துப் பேசலாம். போகும்போது சந்தேகப்படும் பொருளை, மஞ்சளோ மருந்தோ, டப்பாவோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு அளவு கூடியிருந்தால் அதே வீட்டில் தவழும் மற்ற பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அம்மா கர்ப்பமாக இருந்தால் அவருக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.