கொள்ளுத்தாத்தாவின் தொழிலைச் சொல்லும் பழைய பத்திரம்

கொள்ளுத்தாத்தா என்ன தொழில் செய்தார் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமா? அவர் வாங்கிய, விற்ற அல்லது அடமானம் வைத்த சொத்தின் பத்திர நகலுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடுங்கள்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, பத்திரத்தில் வருபவரின் பெயரோடு தகப்பனார் பெயர், இருப்பிடம், தொழில் ஆகியவையும் பதிவாக வேண்டும். ‘விவசாய ஜீவனம்’, ‘வியாபார ஜீவனம்’ என்றெல்லாம் எழுதியிருப்பது அதனால்தான். சங்கறுப்பு, சாயம் தோய்ப்பு போன்ற அரிய தொழிலானாலும் தேட வேண்டிய இடம் அந்த வரிதான். பத்திர எண் தெரியாவிட்டாலும் கவலையில்லை. பெயர்வாரி அட்டவணை உண்டு. அசையாச் சொத்துக்கான முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம் என்று 57ஆம் பிரிவு சொல்கிறது. வாரிசு என்று நிரூபிக்கத் தேவையே இல்லை, இது பெரிய வசதி.

சொத்தே இல்லாதவர்களுக்கு இந்த வழி உதவாது. நூறு ரூபாய்க்குக் குறைந்த சொத்தின் கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால், சிறு துண்டு நிலங்களும் விடுபட்டிருக்கலாம். கோயில் ஊழியம், கிராம ஊழியம் செய்து மானிய நிலம் அனுபவித்த குடும்பமென்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள இனாம் பதிவேடுகளை முதலில் பாருங்கள்.