காட்டுப்பள்ளிக்குச் சைக்கிளில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு காலை, சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியைத் தாண்டி, கருங்காலி என்ற கடற்கரை ஊர்ப் பக்கம் மூன்று பையன்கள் அலையோரத்து ஈர மணலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அலை வந்து சக்கரத்தை நனைத்துப் போவதை ஒருவன் போனில் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்றும் புதுச் சைக்கிள்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதே கரையில் அதே வேலையைச் செய்து ஒரு நல்ல சைக்கிளைக் கெடுத்தவன் நான்.

ஹெல்மெட் போடுங்கள், ஸ்பேர் டியூப் வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வழிக்கே உரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எண்ணூரிலிருந்து நேராகப் போய்விடலாம் என்று நினைப்பது

காட்டுப்பள்ளி ஒரு தீவு என்பதே தண்டையார்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியாது. கிழக்கே கடல், தெற்கே எண்ணூர் கழிமுகம், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும், வடக்கே பழவேற்காடு ஏரி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கடலைப் பார்த்தபடியே வடக்கே மிதித்து, முகத்துவாரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்பார்கள். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும், பாலம் இருக்காது. மேற்கே சுற்றி, வல்லூர், அத்திப்பட்டு வழியாகத்தான் தீவுக்குள் நுழைய வேண்டும்.

அந்த வழியில்தான் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். வரிசையாக நிற்கும் லாரிக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவில் சந்து தெரிந்தால் உள்ளே நுழையாதீர்கள். டிரைவர் உங்களைப் பார்க்கவே முடியாத இடம் அது. விடிவதற்குள் மணலியைத் தாண்டிவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

துறைமுக வாசலில் படம் எடுப்பது

வேண்டாம். போனைப் பையிலேயே வையுங்கள்.

காற்றைக் கணக்கில் எடுக்காதது

பங்குனி, சித்திரையில் இந்தக் கரையில் தெற்கிலிருந்து காற்று அடிக்கும். வடக்கே போகும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும். ‘நம்ம காலுக்கு என்ன பலம்!’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பழவேற்காட்டில் மீன் வறுவலைச் சாப்பிட்டுவிட்டு மதியம் திரும்பும்போது கடற்காற்றும் சேர்ந்துகொள்ள, பாதி வழி வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. தென்றலை இனிமை என்று பாடிய புலவர் யாரும் பழவேற்காட்டிலிருந்து திருவொற்றியூருக்குச் சைக்கிள் மிதித்திருக்க மாட்டார். வெயில் காலத்தில் பத்து மணிக்குள் திரும்பப் புறப்பட்டுவிடுங்கள். மார்கழி, தை என்றால் கதை தலைகீழ். போகும்போது வாடை முகத்தில் அடிக்கும், வரும்போது துணைக்கு வரும். பூநாரைகளையும் அப்போதுதான் பார்க்கலாம்.

உப்பை அற்பமாக நினைப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு போகும் சாலை கடலை ஒட்டியே ஓடுகிறது. புயலோ கடல் சீற்றமோ வந்தால் அலை மணலை வாரிச் சாலை மேல் கொட்டிவிடும். சைக்கிளைக் கெடுத்த அன்று நான் போனபோது கருங்காலிக்கு அருகே சாலையே காணவில்லை, முழங்கால் உயர மணல். திரும்பியிருக்க வேண்டும். ஆனால் பத்தடி தள்ளி அலையோரத்தில் ஈர மணல் சிமென்ட் தரை போல இறுகிக் கிடந்தது. ஏறி மிதித்தேன். அப்படி ஒரு சுகம்! ஹப் (சக்கரத்தின் நடு உருளை) வரைக்கும் இரண்டு தடவை தண்ணீர் வந்தது, சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

முதல் தவறு அது. அடுத்தது அதைவிட மோசம். வீட்டுக்கு வரும் வழியில் பைக் வாட்டர் வாஷ் கடையில் சைக்கிளை நிறுத்தி, பிரஷரில் அடிக்கச் சொன்னேன். பளபளவென்று ஆகிவிட்டது. வெளியே ஒட்டியிருந்த உப்பையும் நுண்மணலையும் அந்த வேகத் தண்ணீர் சீல்களைத் தாண்டி ஹப்புக்குள்ளும், பெடல்களைச் சுழற்றும் நடு அச்சான பிபி செட்டுக்குள்ளும் தள்ளிவிட்டது அப்போது எனக்குத் தெரியாது.

உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பார்வைக்குக் காய்ந்த சைக்கிள் உள்ளே நனைந்தே இருக்கும். மூன்றாவது வாரம் பெடலில் ‘கறக் கறக்’ என்று சத்தம். எண்ணெய் விட்டேன், அடங்கியது. விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு மாதம் கழித்து மச்சானுக்குக் கொடுக்கலாம் என்று சீட்டை உயர்த்தப் பார்த்தால் அசையவில்லை. இரும்பு ஃப்ரேமுக்குள் அலுமினியக் கம்பம். இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் தங்கினால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துத் தின்னும். அந்த அரிப்பு ஊதிப்போய், கம்பம் உள்ளேயே இறுகிவிட்டது.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். பால்ரஸ் குண்டுகள் எல்லாம் செம்மண் குழம்பில் கிடந்தன. “தம்பி, கடல்ல குளிப்பாட்டினியா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. கம்பத்தை அறுத்துத்தான் எடுத்தார். முன் ஹப், பின் ஹப், பிபி செட், செயின், ஃப்ரீவீல் எல்லாம் சேர்ந்து சைக்கிள் விலையில் பாதி போயிற்று. இன்றைக்கும் அந்த ரசீதை நினைத்தால் எரிச்சல்தான்.

அதனால் சாலையை மணல் மூடியிருந்தால் இறங்கி, காய்ந்த மணலில் தூக்கிக்கொண்டு நடங்கள், இல்லையென்றால் திரும்புங்கள். புறப்படும் முன் காட்டுப்பள்ளியில் யாரிடமாவது கேட்டால் வழி திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். மேப் சொல்லாது.

அலையைத் தொடாவிட்டாலும் காற்றிலேயே உப்பு உண்டு. அன்றே, தூங்குவதற்கு முன், வாளியில் நல்ல தண்ணீர் எடுத்துக் குவளையால் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல் புகுந்து பல காலம் ஆயிற்று. நம் பக்கத்துப் பல வீடுகளில் போர் தண்ணீரே கரிக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவின கதைதான். குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணீர் பிடித்து வையுங்கள். துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செயினுக்கு எண்ணெய். அப்புறம் சீட் கம்பத்தை வெளியே எடுத்துத் துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். மொத்தமே அரைமணி நேர வேலை.

தண்ணீர் பாட்டில் ஒன்று போதும் என்பது

போதாது. மூன்று.

படகில் சைக்கிளை ஏற்றுவது

பழவேற்காட்டில் ஏரியைத் தாண்ட லைட் ஹவுஸ் குப்பத்துக்குப் பாலம் இருக்கிறது. ஆனாலும் “படகுல போனா ஜாலியா இருக்கும்” என்று ஒருவர் கிளம்புவார். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். பாலத்தில் போங்கள்.