பேச்சிழந்தவரோடு சேர்ந்து செயலி செய்யும்போது விடும் தவறுகள்

மட்டக்களப்பு ஆரையம்பதியில் என் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. படத்தைத் தொட்டால் சொல்லைப் பேசும் செயலி ஒன்றை நாங்களே செய்து, எல்லாம் முடிந்த பிறகுதான் அவரிடம் கொடுத்தோம். முதல் தவறு அது. "நல்லாயிருக்கா மாமா?" என்றேன். "ஓம்" என்றார். மறுநாள் "இது சரியில்லதானே மாமா?" என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் "ஓம்".

இந்தப் பேச்சிழப்பில் அறிவு இருந்த இடத்தில் இருக்கிறது, சொல்தான் கைக்கு வருவதில்லை. பலருக்கு ஓமும் இல்லையும்கூட மாறி விழும். அதனால் வாய்ப்பதிலை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு திரைகளைத் தாளில் வரைந்து முன்னால் வையுங்கள், எதைத் தொடுகிறார் என்று பாருங்கள், இடம் மாற்றி வைத்து இன்னொருமுறை கேளுங்கள். கேட்டபின் வாய்திறக்காமல் இருங்கள். நமக்கு நீளமாகத் தெரியும் பத்து வினாடி, சொல்லைத் தேடுபவருக்குப் போதாது.

பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லிவிடுவார். "அவருக்கு இது தேவைப்படாது மனே" என்றார் மாமி, அன்பில்தான். அவர் கருத்தைத் தனியாகக் கேட்டுத் தனியாக எழுதுங்கள்.

பெரும்பாலானோருக்குப் பேச்சை ஆளுவது மூளையின் இடப்பக்கம். அங்கே அடிபட்டால் வலக்கையும் சேர்ந்து விழுவதுண்டு. நாங்களோ பொத்தான்களை வலது கட்டைவிரலுக்கு எட்டும்படி வைத்திருந்தோம். மாமா இடக்கையால் எட்டித் தொடத் தொட, போன் மேசையில் வழுக்கிக்கொண்டே போனது. மாமி ஈரத்துணியை மடித்துக் கீழே வைத்தார். கணினி முன்னால் எத்தனை நாள் இருந்தாலும் இது எங்களுக்குத் தோன்றியிராது.

சாப்பாட்டுக்கு முள்ளுக்கரண்டிப் படம் போட்டிருந்தோம். அவர் அதைத் தொட்டதே இல்லை. பிட்டுப் படம் வைத்த அன்றிரவே தொட்டார். செயலியின் குரல் "அப்புறம்" என்றது. மட்டக்களப்பில் அது "மறுகா". அவருடைய தம்பியின் குரலில் திரும்பப் பதிந்தோம்.

படம் வேண்டாம், எழுதட்டும் என்றும் விட்டுவிட முடியாது. பேச்சிழப்பு எழுத்தையும் தொடும்.

இந்த வேலையில் சேர அவரிடம் ஒப்புதல் வாங்குவதிலும் பிழை விடுகிறோம். இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. தான் தேர்ந்த வழியில் கருத்துச் சொல்லும் உரிமை அதன் 21ஆம் உறுப்புரையில் இருக்கிறது. மூன்று பக்கப் படிவத்தை வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குவது அதற்கு ஈடாகாது. நாங்கள் ஒரே பக்கத்தில் படம் போட்டு விளக்கி, "நிறுத்து" என்ற சிவப்பு அட்டை ஒன்றை அவர் கையில் கொடுத்தோம். மூன்றாம் நாள் பின்னேரம், அரை மணிநேரத்தில் அதைத் தூக்கினார். உடனே எல்லாவற்றையும் மூடினோம். அடுத்த கிழமை வெயில் ஏறுமுன் போனோம். ஒரு மணிநேரம் இருந்தார், அட்டை மேசையிலேயே கிடந்தது.