கையில் கிடைத்த பழைய காசு அசலா, வார்ப்பா? வீட்டிலேயே பார்ப்பது எப்படி

அசல் காசு அச்சால் அடித்தது. வார்ப்பு என்பது உலோகத்தை உருக்கி வார்ப்பச்சில் ஊற்றிச் செய்த போலி. முதலில் ஒன்று: காசைக் கழுவ வேண்டாம். மண் ஒட்டியிருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனையில் அம்மம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து எனக்கு முதன்முதலில் கிடைத்தது ஒரு டச்சுச் செப்புக் காசு. குத்துவிளக்குத் துலக்குவது போலப் பழப்புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. இருநூறு வருடமாக அதன் மேல் படிந்திருந்த கருமண்ணிறத் தோல் போய்விட்டது. காசின் வயதுக்கு நல்ல சாட்சி அந்தத் தோல்தான். அது போனால் திரும்பி வராது. அதனால் புளி, தேசிக்காய், பிராசோ எதுவும் வேண்டாம்.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, மில்லிமீற்றர் அடிமட்டம், காந்தம், கொஞ்சம் நூல், ஒரு கிளாஸ் தண்ணீர்.

படி 1: எந்தக் காசு என்று கண்டுபிடியுங்கள்

பெயர் தெரியாத காசைச் சோதிக்க முடியாது. கொழும்பில் அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று.

ஒன்று, டச்சுக் கம்பனியின் டொயிட். ஒரு பக்கம் பெரிய வீ எழுத்தின் இரு கைகளிலும் ஓவும் சீயும் பின்னிய சின்னம், அதன் கீழ் ஆண்டு. மறுபக்கம் நெதர்லாந்து மாகாணம் ஒன்றின் கேடயம். 1726 முதல் அடிக்கப்பட்ட செப்புக் காசு, எடை 3 கிராமை ஒட்டி இருக்கும்.

அடுத்தது 1870ஆம் ஆண்டு போட்ட இலங்கைச் சதக் காசு. விக்டோரியாவின் தலை ஒரு பக்கம், பனையினத்து மரம் மறுபக்கம். மரத்தின் இரு புறமும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி இருக்கும். ஒரு சதம் 4.7 கிராம் அளவில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, இங்கேயும் புழங்கிய பிரித்தானிய இந்திய வெள்ளி ரூபாய். 11.66 கிராம், 91.7 வீதம் வெள்ளி. இதில் எழுத்தைப் படித்தாலே சில போலிகள் பிடிபடும். 1876 வரை விக்டோரியா ‘குயின்’, 1877 முதல்தான் ‘எம்ப்ரஸ்’. 1862 என்ற ஆண்டோடு எம்ப்ரஸ் என்று இருந்தால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை. ராமர், அனுமார் படத்தோடு ‘ஈஸ்ட் இந்தியா கம்பனி 1818’ என்று வருபவையும் அப்படித்தான். கம்பனி அப்படியொரு காசு அடிக்கவேயில்லை.

படி 2: நிறுங்கள்

வீட்டில் தராசு இல்லையென்றால் செட்டியார் தெருவுக்குப் போங்கள். நகைக்கடையில் நிறுத்துத் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒரு விடயம் மட்டும் கவனம். பத்தரின் கை பழக்கத்தில் உரைகல்லுக்குப் போகும். “அண்ணை, உரைக்க வேண்டாம், நிறுத்தால் போதும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உரைத்த கோடு காசில் நிரந்தரமாக நிற்கும்.

தேய்ந்த ரூபாய் 11.4 கிராம் காட்டினால் பரவாயில்லை. தேய்மானமே இல்லாத முகத்தோடு 10 கிராம் காட்டினால் நம்பாதீர்கள். காசு தேய்ந்து எடை குறையலாம். தேயாமல் எப்படிக் குறையும்?

படி 3: விளிம்பு

என்னைக் கேட்டால் எல்லாப் படியிலும் இதுதான் பெரியது. போலி செய்பவர் முகத்துக்குத்தான் பாடுபடுகிறார். விளிம்பை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

காலை நேரத்தில் யன்னலோரம் இருந்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி காசை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து மெல்ல உருட்டுங்கள். விளிம்பின் நடுவே சுற்றிவர மெல்லிய கோடு ஓடுகிறதா? வார்ப்பச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. அல்லது ஒரே திசையில் அரம் போட்ட கீறல்கள் இருக்கும், அந்தக் கோட்டை மறைக்க ராவியது. இரண்டும் வார்ப்பின் அடையாளம். ரூபாயின் விளிம்பில் வரிவரியான வெட்டுகள் ஒரே சீராக இருக்க வேண்டும்.

பிறகு முகத்துக்கு வாருங்கள். வார்த்த காசில் எழுத்துகளின் ஓரம் சவர்க்காரக் கட்டியில் தேய்ந்த பெயர் மாதிரி மழுங்கி இருக்கும். வெறுமையான இடத்தில் ஊசி குத்தியது போலச் சின்னக் குழிகள் தெரியும். சதக் காசில் நமக்கு ஒரு வசதி, தமிழ் எழுத்து. சுழியும் வளைவும் கண்ணுக்குப் பழகியவை. அவை குழம்பிக் கிடந்தால் நம் கண் உடனே பிடித்துவிடும்.

கோணல் வேறு, வார்ப்பு வேறு. கையால் அடித்த காசு வட்டமாக இராது. ‘சேது’ என்று எழுத்துப் பொறித்த யாழ்ப்பாண அரசின் காசுகளில் நந்தியோ எழுத்தோ பாதி வெளியே போயிருக்கும், ஓரம் வெடித்திருக்கும். ஆனால் விழுந்த பகுதி அழுத்தமாக விழுந்திருக்கும்.

படி 4: காந்தம், தண்ணீர்

வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் முடிந்தது. ஒட்டாவிட்டால் அது மட்டும் போதாது, பித்தளையும் ஒட்டாது.

வெள்ளிக்குத் தண்ணீர்ச் சோதனை நல்லது. தண்ணீர்க் கிளாஸைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். ஒட்டிய காற்றுக் குமிழிகளை மெல்லத் தட்டி விடுங்கள். இப்போது காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். அசல் ரூபாய் 1.13 அளவில் காட்டும். 11.66ஐ 1.13ஆல் வகுத்தால் 10.3. செம்பு-நிக்கல் கலவை என்றால் 1.31 காட்டும், அடர்த்தி 8.9க்கு இறங்கிவிடும். மண் ஒட்டிய செப்புக் காசுக்கு இந்தச் சோதனை வேண்டாம், ஈரம் அதற்கு ஆகாது.

மண்ணிலிருந்து வந்த காசு என்றால்

உலோகம் தேடும் டிடெக்டர் வாங்கிக்கொண்டு கிளம்ப நினைப்பவர்கள் இதை முதலில் வாசியுங்கள். உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம். அத்திவாரம் வெட்டும்போது தற்செயலாகக் கிடைத்தாலும் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும். அலுவலகம் கொழும்பு 7, சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இருக்கிறது.

இங்கே வீட்டுச் சோதனை முழுதாக உதவாது. இலங்கை மண்ணில் பிற்கால உரோமச் செப்புக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து அந்தக் காலத்திலேயே இங்கு செய்த நகல்களும் கிடைத்திருக்கின்றன. அந்த நகலும் இன்று தொல்பொருள்தான். அதைப் போலி என்று தூக்கி எறிந்தால் இழப்பு நம் எல்லோருக்கும். கிடைத்த இடம், ஆழம், பக்கத்தில் இருந்த ஓடு, பானைத் துண்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். காசைப் பொலித்தீனில் போடாமல் காய்ந்த கடுதாசி உறையில் வைத்து, மேலே திகதியை எழுதி, உறையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.