சின்ன நிறுவனத்தில் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்: எங்கிருந்து தொடங்குவது?

மட்டக்களப்பில் நெல் வாங்கி அரிசியாக்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் இதைச் செய்துபார்த்தேன். வாழைச்சேனைக் கிளை நெல்லை மூடையில் பதியும், களுவாஞ்சிக்குடிக் கிளை கிலோவில். கையிருப்பு எவ்வளவு என்று முதலாளி கேட்டால் இரண்டு பக்கமும் கோல் எடுக்க வேண்டும். வேலை, தரவு, மென்பொருள், கருவி நான்கும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்துச் சீராக்குவதுதான் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர். 1995இல் முதல் பதிப்பு வெளிவந்த டோகாஃப் (TOGAF) என்ற என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் வழிகாட்டி முறையும் இன்று இந்த நான்கு அடுக்குகளைத்தான் பேசுகிறது. அதை முழுக்கப் படித்துவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

1. முதலாளியை உறுத்தும் ஒரு கேள்வியை எடுங்கள். எங்களுக்கு அது கையிருப்பு.

2. இருப்பதையெல்லாம் ஒரு எக்செல் தாளில் எழுதுங்கள்: பெயர், பொறுப்பாளர், உள்ளே இருக்கும் தரவு, வருடச் செலவு, ஒப்பந்தம் முடியும் நாள். களஞ்சியக் கொப்பியும் வாட்ஸ்அப் குழுவும்கூட இதில் வரவேண்டும். உண்மையான கணக்கு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

3. தரவைப் பொருத்துங்கள். அதிக நாள் எடுத்தது இதுதான். ஒரே விவசாயிக்கு இரண்டு கணக்குகள் இருந்தன: ஒன்று பழைய அடையாள அட்டை இலக்கத்தில், மற்றது 2016இல் வந்த 12 இலக்க முறையில். பழையதை மாற்றுவது சுலபம். முன்னால் 19 போடுங்கள், பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களுக்குப் பிறகு ஒரு 0 சேருங்கள், கடைசி எழுத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம் இரட்டைக் கணக்குகள் தாமாகவே வெளியே வரும். பெயரை வைத்துத் தேடாதீர்கள்; ஒருவர் பெயரையே மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். மூடையா கிலோவா என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். நாங்கள் கிலோ என்று வைத்தோம், ஏனென்றால் மூடைக்கு மூடை எடை மாறும்.

4. புதிதாக எதை வாங்கினாலும் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும்: ஏன் வாங்குகிறோம், எந்தத் தரவைத் தொடும், எதை நிறுத்தப்போகிறோம். கணக்காளரும் ஆலைப் பொறுப்பாளரும் கணினி பார்ப்பவரும் மாதம் ஒருமுறை கூடி அதைப் பார்க்கட்டும். முதலாளியின் கையெழுத்து இல்லாமல் காசு வெளியே போகக்கூடாது. இந்த ஒரு பழக்கம் இல்லாவிட்டால் மேலே செய்ததெல்லாம் ஆறு மாதத்தில் பழசாகிவிடும்.

5. உங்கள் கட்டமைப்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று அளந்துபாருங்கள். அமெரிக்க வணிகத் திணைக்களத்தின் அளவுகோல் 0 முதல் 5 வரை போகும். முதல் வருடத்தில் 2 போதும், அதாவது கட்டமைப்பு உருவாகிக்கொண்டிருக்கும் நிலை. எழுதி வைத்த முறையை எல்லாக் கிளைகளும் பின்பற்றினால் அது 3.

இந்த அளவீட்டைப் பெரும்போக அறுவடைக்கு முன்பே முடித்துவிடுங்கள். நெல் வரத் தொடங்கிவிட்டால் கிளையில் யாருக்கும் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இராது.